நோட்டில் சிவப்பு மை விழும் இடங்கள்: ஆங்கில வாக்கியப் பயிற்சியில் கோளாறு கண்டுபிடிக்கும் முறை

என்னிடம் வருகிற நோட்டுகளில் சிவப்பு மை எங்கே விழும் என்பது பிரித்துப் பார்ப்பதற்கு முன்பே ஏறக்குறையத் தெரிந்துவிடும். கடலூரில் திருப்பாதிரிப்புலியூர் பக்கம் ஒரு மாடி அறையில் மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். பள்ளிப் பிள்ளைகள், பாகூர், கிருமாம்பாக்கம் பக்கமிருந்து பஸ் ஏறி வருகிற காலேஜ் பெண்கள், சிப்காட்டில் ஷிஃப்ட் முடித்துவிட்டு வருகிற இரண்டு மூன்று பேர். வயது வேறு, படிப்பு வேறு, ஆனால் தப்பு மட்டும் ஒன்றேதான். அச்சடித்த மாதிரி ஒரே இடத்தில் பத்துப் பேர் தடுக்கி விழுந்தால் பிள்ளைகளைத் திட்டிப் பயனில்லை, பாதையில் என்ன கிடக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

பார்த்ததில் எனக்குத் தெரிந்தது இதுதான். இந்தத் தப்புகளில் பாதிக்கு மேல் ஆங்கிலம் தெரியாததால் வருவதில்லை, தமிழ் நன்றாகத் தெரிவதால் வருகிறது. தமிழில் வாக்கியங்களை ஒட்டுகிற பசை வினைச்சொல்லின் வாலிலேயே இருக்கிறது: வந்தால், வந்தாலும், வந்ததால், வந்தபோது, வரும்வரை. ஆங்கிலத்தில் அது தனிச் சொல்லாக வெளியே நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் பசை சில சமயம் இரட்டிப்பாகிறது, சில சமயம் காணாமல் போகிறது.

கீழே அறிகுறிப்படி எழுதியிருக்கிறேன். உங்கள் நோட்டில் எந்தத் தப்பு வருகிறதோ அந்த இடத்துக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் தாண்டிவிடாதீர்கள், எல்லாச் சோதனைக்கும் அதுதான் கருவி. ஆங்கில வாக்கியங்களை இங்கே தமிழ் எழுத்திலேயே தருகிறேன், வாய்விட்டுப் படிக்கலாம். நோட்டில் எழுதும்போது ஆங்கில எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இன்னொன்று, ‘கிளாஸ்’ என்று நான் சொன்னால் வகுப்பும் இல்லை, டீ கிளாஸும் இல்லை. எழுவாயும் அதற்குரிய வினைமுற்றும் சேர்ந்த ஒரு துண்டு, அவ்வளவுதான்.

முதல் கருவி: முற்றுகளை எண்ணுங்கள்

‘மழை பெய்து, தண்ணீர் தேங்கி, பஸ் நின்று, நாங்கள் நடந்தே வந்தோம்.’ இதில் வினைமுற்று எத்தனை? ஒன்றுதான், ‘வந்தோம்’. மற்றதெல்லாம் எச்சம். தமிழுக்கு ஒரு வாக்கியத்தில் ஒரு முற்று போதும். முன்னால் எத்தனை எச்சம் வேண்டுமானாலும் ரயில் பெட்டி மாதிரி கோர்த்துக்கொள்ளும்.

இதையே ஆங்கிலத்தில் சொல்ல வந்தால் ‘ரெயின்ட்’, ‘ஸ்டாப்ட்’, ‘வாக்ட்’ என்று ஒவ்வொன்றும் முற்றாக நிற்கப் பார்க்கும். முற்றுகள் சும்மா பக்கத்தில் பக்கத்தில் நிற்கக் கூடாது, நடுவில் இணைப்பு வேண்டும். கணக்கு சுலபம்: முற்று எத்தனையோ, அதில் ஒன்று குறைவாக இணைப்பு இருக்க வேண்டும். இரண்டு முற்று, ஒரு இணைப்பு. மூன்று முற்று, இரண்டு இணைப்பு. ஒரே முற்று, இணைப்பே வேண்டாம்.

எண்ணும்போது சில விஷயம். ‘வில் கோ’, ‘ஹேஸ் பீன் ஈட்டிங்’ எல்லாம் ஒவ்வொரு முற்றுதான், துணைவினையைத் தனியாக எண்ணாதீர்கள். தனியாக நிற்கிற ‘டு கோ’, ‘கோயிங்’ முற்றே இல்லை. ‘ஹூ’, ‘விச்’, ‘வேர்’, ‘தட்’ எல்லாம் கிளாஸை ஒட்டும்போது இணைப்பாகக் கணக்கில் சேரும். அரைப்புள்ளியும் ஒரு இணைப்பு. ‘நாட் ஒன்லி… பட் ஆல்சோ’ மாதிரி ஜோடியாக வருபவை இரண்டும் சேர்ந்து ஒன்று. ‘ஐ திங்க் ஹீ லெஃப்ட்’ என்பதில் இணைப்பு கண்ணுக்குத் தெரியாது, ‘தட்’ உள்ளே ஒளிந்திருக்கிறது. அதையும் எண்ணிக்கொள்ள வேண்டும்.

சரி, இனி அறிகுறிகள்.

‘ஆல்தோ’ என்று ஆரம்பித்தால் நடுவில் ‘பட்’ தானாக வருகிறது

‘ஆல்தோ இட் ரெயின்ட், பட் ஹீ கேம்.’ எண்ணுங்கள்: முற்று இரண்டு, இணைப்பும் இரண்டு. ஒன்று அதிகம். ‘ஆல்தோ’வை வெட்டினாலும் சரி, ‘பட்’டை வெட்டினாலும் சரி, வாக்கியம் நிமிர்ந்துவிடும். ‘ஆஸ் ஹீ வாஸ் இல், ஸோ ஹீ டிட் நாட் கம்’ என்பதும் இதே நோய்தான்.

ஏன் வருகிறது? தமிழில் இதைச் சொல்ல நமக்கு இரண்டு வழி இருக்கிறது. ‘மழை பெய்தாலும் வந்தான்’ என்பது ஒன்று. ‘மழை பெய்தது, ஆனாலும் வந்தான்’ என்பது இன்னொன்று. மனசு முதல் வழியில் கிளம்பி, கமாவைத் தாண்டும்போது இரண்டாவது வழிக்கு மாறிவிடுகிறது. தமிழில் யாரும் ‘மழை பெய்தாலும், ஆனால் வந்தான்’ என்று எழுதுவதில்லை. அதைக் காதால் கேட்டாலே உறுத்தும். அந்த உறுத்தலை ஆங்கில வாக்கியத்துக்கும் கொண்டுபோக வேண்டும்.

வீட்டில் தாத்தா இருந்தால் ஒரு சண்டை வரும். ‘தோ… யெட்’ என்று நாங்கள் படித்தோமே, அது மட்டும் எப்படிச் சரி என்பார். அவர் சொல்வது நியாயம்தான். பழைய நடையில் அது உண்டு. அங்கே ‘யெட்’ என்பது ‘இருந்தும்கூட’ என்று அழுத்தம் தருகிற வினையடை, இணைப்பு அல்ல. ‘இஃப்… தென்’னில் வரும் ‘தென்’னும் அப்படித்தான். ‘பட்’டுக்கு இந்தச் சலுகை கிடையாது.

இந்த ‘ஆலும்’ இன்னொரு இடத்திலும் காலை வாரும். ‘மழை பெய்தாலும் வந்தான்’, ‘மழை பெய்தாலும் வருவேன்’. இரண்டிலும் ‘பெய்தாலும்’ ஒன்றேதான். ஆனால் முதலாவதில் மழை உண்மையில் பெய்தது, அதற்கு ‘ஆல்தோ’. இரண்டாவதில் பெய்யுமோ பெய்யாதோ, அதற்கு ‘ஈவன் இஃப்’. எதைப் போடுவது என்று கடைசி முற்றின் காலத்தைப் பார்த்துத் தீர்மானியுங்கள், பெரும்பாலும் தப்பாது.

‘பிகாஸ்’ என்று தொடங்கி முற்றுப்புள்ளி வைத்தால் அரைவாக்கியம் என்கிறார்கள்

‘ஹீ டிட் நாட் கம். பிகாஸ் ஹீ ஹேட் ஃபீவர்.’ இரண்டாவது வாக்கியத்தில் முற்று ஒன்று, இணைப்பும் ஒன்று. இணைப்பு பூஜ்யமாக இருந்திருக்க வேண்டும். ஒரு கை நீட்டியபடி நிற்கிறது, பிடிக்க ஆள் இல்லை. முற்றுப்புள்ளியை எடுத்துவிட்டு முன் வாக்கியத்தோடு சேர்த்துவிடுங்கள்.

தமிழில் ‘ஏனென்றால் அவனுக்குக் காய்ச்சல்.’ என்று தனி வாக்கியமாக எழுதினால் யாரும் கேட்கமாட்டார்கள். ‘ஏனென்றால்’ தன் காலில் நிற்கிற சொல், ‘பிகாஸ்’ ஒட்டுண்ணி. இரண்டும் ஒன்று என்று மனப்பாடம் செய்ததில் வந்த வினை இது. ‘பிகாஸ்’ என்றால் ‘ஏனென்றால்’ என்று எழுதிவைத்திருந்தால் அடித்துவிட்டு ‘-அதால்’ என்று எழுதுங்கள். ‘காய்ச்சல் வந்ததால்.’ என்று புள்ளி வைத்துப் பார்த்தால் தொங்குவது தமிழிலேயே தெரியும். பேச்சில் ‘ஏன் வரலை?’ என்று கேட்டால் ‘பிகாஸ்…’ என்று பதில் சொல்வதில் குற்றமில்லை. பரீட்சைத் தாளில்தான் மதிப்பெண் போகும்.

‘பிகாஸ்’ஸில் வாக்கியமே தொடங்கக் கூடாது என்று சிலர் சொல்லித்தருகிறார்கள். அது தேவையில்லாத பயமுறுத்தல். ‘பிகாஸ் ஹீ ஹேட் ஃபீவர், ஹீ டிட் நாட் கம்.’ முற்று இரண்டு, இணைப்பு ஒன்று, தாராளமாக எழுதலாம்.

கமா போட்டேன், அதையும் தப்பு என்கிறார்கள்

‘த பஸ் வாஸ் லேட், வீ மிஸ்ட் த எக்ஸாம்.’ முற்று இரண்டு, இணைப்பு இல்லை. கமா இணைப்பாகாது, அது மூச்சு வாங்குகிற இடம். மூன்று நான்கை வரிசையாக அடுக்கிக் கடைசியில் ‘அண்ட்’ வந்தால் மட்டும் முன்னால் உள்ள கமாக்கள் ‘அண்ட்’டின் வேலையைச் செய்யும்.

இதில் படித்தவர்களே மாட்டுகிற இடம் ‘தேர்ஃபோர்’, ‘ஹௌவெவர்’. பெரிய சொல்லாக இருப்பதால் இணைப்பு என்று நினைத்துவிடுகிறோம். இரண்டும் வினையடைகள், கணக்கில் சேராது. ‘த பஸ் வாஸ் லேட், தேர்ஃபோர் வீ மிஸ்ட் த எக்ஸாம்’ தப்பு. முன்னால் அரைப்புள்ளி வையுங்கள், அல்லது முற்றுப்புள்ளி வைத்துப் புது வாக்கியம் தொடங்குங்கள். ‘ஸோ’ என்ற சின்னச் சொல் போதும் என்றால் கமாவே போதும்.

‘அன்லெஸ்’ஸுக்குப் பின்னால் ‘நாட்’ ஒட்டிக்கொள்கிறது

போன வருஷம் ஒரு பையன் வந்தான். ஒன்பதாம் வகுப்பு, முதுநகர் சிங்காரத்தோப்பு, அப்பாவுக்குப் போட். ‘அன்லெஸ்’ வைத்து வாக்கியம் எழுது என்றதும் யோசிக்கவே இல்லை: ‘அன்லெஸ் வீ டோன்ட் புட் ஐஸ், த ஃபிஷ் வில் ஸ்பாயில்.’

“டோன்ட்டை எடுத்துடு” என்றேன்.

“எடுத்தா ஐஸ் போட்டா மீன் கெட்டுப்போகும்னு ஆயிடாதா மிஸ்?”

கேள்வி கேட்டவன் முட்டாள் இல்லை. ‘ஐஸ் போடாவிட்டால் மீன் கெட்டுப்போகும்’ என்பதுதான் அவன் மனசில் ஓடியது. ‘போடா-’ என்பதில் எதிர்மறை அவன் கண்ணெதிரே இருக்கிறது, அதை எங்கேயாவது வைக்க வேண்டாமா? பலகையில் எழுதினேன்: போடு, ஆ, விட்டால். நடுவில் இருக்கிற ‘ஆ’தான் ‘இல்லை’. ‘விட்டால்’ என்பது ‘இஃப்’. ‘அன்லெஸ்’ என்கிற சொல் இந்த இரண்டையும் சேர்த்து விழுங்கிவிட்டது. மிச்சம் இருப்பது வெறும் ‘போடு’. அதனால் ‘அன்லெஸ் வீ புட் ஐஸ்’. ‘இஃப்’ போட்டிருந்தால் அது ‘விட்டால்’ஐ மட்டும்தான் விழுங்கும், ‘ஆ’ மிச்சம் இருக்கும், அதற்கு ‘டோன்ட்’ வேண்டும்: ‘இஃப் வீ டோன்ட் புட் ஐஸ்’.

அவன் பலகையை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “அப்போ அன்லெஸ்ஸுக்கு வயித்துலயே நாட் இருக்கு” என்றான். அதற்கு மேல் நான் விளக்கவில்லை.

அடுத்த வாரம் அவனே வேறு மாதிரி மாட்டினான். ‘அன்டில் த ஐஸ் டஸ் நாட் கம், டோன்ட் அன்லோட் த ஃபிஷ்.’ ‘ஐஸ் வராத வரை மீனை இறக்காதே.’ தமிழில் ‘வரும் வரை’, ‘வராத வரை’ இரண்டும் புழக்கத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தின் ‘அன்டில்’ ‘வரும் வரை’க்கு மட்டும்தான் பதில். எந்த நிமிஷத்தில் நிலைமை மாறுகிறதோ அந்த நிமிஷத்தைச் சொல்லுங்கள், ஐஸ் வருகிற நிமிஷம்: ‘அன்டில் த ஐஸ் கம்ஸ்’.

‘அன்டில் த ஐஸ் வில் கம்’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. ‘இஃப்’, ‘அன்லெஸ்’, ‘அன்டில்’, ‘வென்’, ‘ஆஸ் சூன் ஆஸ்’ இவற்றுக்கு நேர் பின்னால் வருகிற கிளாஸில் எதிர்காலத்தைச் சொல்ல ‘வில்’ வேண்டாம், நிகழ்காலமே போதும். ‘வில்’ மற்ற கிளாஸில் இருந்தால் போதும். இதில் தமிழ் நமக்குத் துணை. ‘வந்தால்’ என்ற சொல்லில் எதிர்காலமே கிடையாதே! ‘நாளைக்கு அவன் வருவால்’ என்று யாரும் சொல்வதில்லை.

பாண்டியில் பிரெஞ்சு எடுத்துப் படிக்கிற ஒரு பெண் என்னிடம் வருகிறாள். அவளுக்கு இந்த நோய் இன்னும் முற்றியிருந்தது. பிரெஞ்சில் ‘அன்லெஸ்’ஸுக்குச் சமமான ‘ஆ முவாங் க’ என்ற தொடருக்குப் பின் ‘ந’ என்று ஒரு சொல் வருவது வழக்கம். மற்ற இடங்களில் அது எதிர்மறைச் சொல்லில் பாதி. இங்கே மட்டும் பொருளே இல்லாமல் அலங்காரத்துக்கு நிற்கும். அதையும் பிடித்து ஆங்கிலத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தால் என்ன ஆகும்?

நம்ம தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலேயக் கம்பெனி மராட்டியரிடம் வாங்கியது 1690-ல். 1746-ல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனதும் தென்னிந்தியாவில் கம்பெனிக்குத் தலைமையிடமாக இருந்ததே இந்த ஊர்தான். அத்தனை காலமாக ஊருக்குள் நடமாடிய மொழி, ‘அன்லெஸ்’ விஷயத்தில் மட்டும் இன்னும் நம்மோடு சமாதானம் ஆகவில்லை.

‘ஐ டோன்ட் நோ வேர் ஈஸ் ஹீ’ என்பதில் என்ன தப்பு?

கணக்கு சரியாகத்தான் வருகிறது. முற்று இரண்டு, ‘வேர்’ ஒரு இணைப்பு. தப்பு வரிசையில். ‘அவன் எங்கே இருக்கிறான்?’ என்ற கேள்வியை அப்படியே தூக்கி, பின்னால் ‘என்று’ ஒட்டினால் தமிழில் வேலை முடிந்தது: ‘எங்கே இருக்கிறான் என்று தெரியாது.’ கேள்வியின் உடம்பில் ஒரு கீறலும் விழாது. ஆங்கிலத்தில் கேள்வி ஒரு பெரிய வாக்கியத்துக்குள்ளே போனதும் கேள்விக்கோலத்தைக் களைந்துவிட வேண்டும். எழுவாய் முன்னே, வினை பின்னே: ‘வேர் ஹீ ஈஸ்’. ‘டு’, ‘டஸ்’, ‘டிட்’ என்ற துணையாட்களும் கேள்விக்காக வந்தவர்கள், அவர்களையும் அனுப்பிவிடுங்கள். ‘டெல் மீ வேர் டஸ் த பஸ் ஸ்டாப்’ என்பதை ‘டெல் மீ வேர் த பஸ் ஸ்டாப்ஸ்’ என்று மாற்றுங்கள். ‘டஸ்’ போனால் அதன் ‘ஸ்’ வினைக்கு வந்து ஒட்டும், அதை மறந்துவிடாதீர்கள்.

ஆமாம்-இல்லை என்று பதில் வருகிற கேள்வியில் தமிழ் இரண்டு ஒட்டு போடுகிறது: ‘வருவானா என்று கேட்டேன்’, ‘ஆ’வும் ‘என்று’ம். அதனால்தான் ‘ஐ ஆஸ்க்ட் தட் வெதர் ஹீ வுட் கம்’ என்று எழுதத் தோன்றுகிறது. ‘வெதர்’ ஒன்றே போதும், ‘தட்’டை வெட்டுங்கள்.

‘ஹூ’ போட்டேன், ‘ஹீ’யும் போட்டேன்

‘த மேன் ஹூ ஹீ சோல்ட் த ஜாக்ஃப்ரூட் ஈஸ் ஃப்ரம் பண்ருட்டி.’ பலாப்பழம் விற்ற ஆள் பண்ருட்டிக்காரர், சரி. ஆனால் விற்றது யார் என்று இரண்டு தடவை சொல்லியாயிற்று. ‘ஹூ’ ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்க்கிறது: ஒட்டவும் செய்கிறது, எழுவாயாகவும் நிற்கிறது. ‘த புக் விச் ஐ பாட் இட்’ என்பதும் இதே கதை, அங்கே ‘விச்’ செயப்படுபொருள். ‘விற்ற ஆள்’, ‘வாங்கின புத்தகம்’ என்று தமிழில் பெயரெச்சம் முன்னால் நின்று முடித்துவிடுவதால் ‘ஹூ’வுக்குச் சமமான சொல்லே நம்மிடம் இல்லை. அதனால் அதை வெறும் பசை என்று நினைத்துவிடுகிறோம். ‘ஹூ’ அல்லது ‘விச்’ எழுதியதும், அது எந்த ஆளை, எந்தப் பொருளைக் குறிக்கிறதோ அதற்கு அந்தக் கிளாஸுக்குள்ளே வேறு பிரதிப்பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அடியுங்கள்.

சிம்பிள், காம்பவுண்ட், காம்ப்ளெக்ஸ்: மாற்றச் சொன்னால் குழப்பம்

பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் அதிகம் கேட்பது இதைத்தான். கடல் சீற்றமாக இருந்தது, போட் கடலுக்குப் போனது. இந்த ஒரு விஷயத்தை மூன்று விதமாகச் சொல்லிப் பாருங்கள்.

‘ஆல்தோ த சீ வாஸ் ரஃப், தே வென்ட் ஃபிஷிங்.’ இது காம்ப்ளெக்ஸ், ஒரு கிளாஸ் இன்னொன்றின் தோளில் தொங்குகிறது. ‘த சீ வாஸ் ரஃப், பட் தே வென்ட் ஃபிஷிங்.’ இது காம்பவுண்ட், இரண்டும் சொந்தக் காலில் நிற்கின்றன. ‘இன் ஸ்பைட் ஆஃப் த ரஃப் சீ, தே வென்ட் ஃபிஷிங்.’ முற்று ஒன்றுதான், அதனால் சிம்பிள்.

சிம்பிளுக்குப் போவது என்றால் ஒரு முற்றைக் கொல்ல வேண்டும் என்று அர்த்தம். ‘பிகாஸ் ஆஃப் த சீ வாஸ் ரஃப்’ என்று எழுதுகிறவர்கள் ‘ஆஃப்’ஐப் போட்டுவிட்டு முற்றைக் கொல்ல மறந்தவர்கள். ‘ஆஃப்’ வந்தால் பின்னால் பெயர்ச்சொல்லோ ‘இங்’ வடிவமோதான் வரும். ‘டிஸ்பைட்’டுக்கு மட்டும் ‘ஆஃப்’ கிடையாது. அது ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள், அப்படித்தான் புழங்குகிறது.

‘ஸோ ஹெவி தட் ஷீ குட் நாட் லிஃப்ட் இட்’ என்பதைச் சிம்பிளாக்கினால் ‘டூ ஹெவி ஃபார் ஹெர் டு லிஃப்ட்’. இங்கே இரண்டு சொல் காணாமல் போக வேண்டும். ‘நாட்’ போகவேண்டும், ஏனென்றால் ‘டூ’வுக்குள்ளேயே ‘முடியாது’ இருக்கிறது, அன்லெஸ் மாதிரியே வயிற்றில் வைத்திருக்கும் சொல். கடைசி ‘இட்’டும் போகவேண்டும்.

‘இஃப்’ வாக்கியத்தைக் காம்பவுண்டாக்குவதுதான் இருப்பதிலேயே சுலபம், காலையில் வீட்டில் கேட்கிற வசனம்தான்: ‘சீக்கிரம் கிளம்பு, இல்லாட்டி பஸ் போயிடும்.’ ‘சீக்கிரம் கிளம்பு’வுக்கு ‘ஹரி’, ‘இல்லாட்டி’ இருக்கிற இடத்தில் ‘ஆர்’: ‘ஹரி, ஆர் யூ வில் மிஸ் த பஸ்.’ நல்லது நடக்கும் என்றால் ‘அண்ட்’: ‘ஹரி, அண்ட் யூ வில் கேட்ச் த பஸ்.’

இனி ஒரு கண்ணி. தமிழ்ப் பாடத்தில் தனிநிலைத் தொடர், தொடர்நிலைத் தொடர், கலவைத் தொடர் என்று மூன்று படித்திருப்பீர்கள். சிம்பிள், காம்பவுண்ட், காம்ப்ளெக்ஸ் என்று நேருக்கு நேர் வைத்தால் முக்கால்வாசி பொருந்தும். ஆனால் தொடர்நிலைக்கு நாம் படித்த விளக்கம், ஒரே எழுவாய் பல பயனிலைகளைக் கொண்டு முடிவது. அந்தக் கண்ணோடு பார்த்தால் ‘ஹீ வென்ட் டு த மார்க்கெட் அண்ட் பாட் ஃபிஷ்’ காம்பவுண்ட்தான். நம் ஊர் விடைக் குறிப்புகள் பலவும் அப்படியே ஏற்றுக்கொள்ளும். வேறு பல இலக்கணப் புத்தகங்கள் எழுவாய் ஒன்றுதானே, இது சிம்பிள் என்று சொல்லும். இந்தச் சண்டையில் நீங்கள் மாட்டிக்கொள்ள வேண்டாம். காம்பவுண்டாக மாற்று என்று கேட்டால் ‘அண்ட்’டுக்குப் பின்னால் இன்னொரு ‘ஹீ’ போட்டுவிடுங்கள், எந்தக் கட்சிக்காரர் திருத்தினாலும் மதிப்பெண் வரும்.

இன்னொரு கண்ணிக்கு நம் முற்று எண்ணும் கருவியும் உதவாது. ‘வாக்கிங் ஆன் சில்வர் பீச், த சன் ரோஸ்.’ முற்று ஒன்று, இணைப்பு இல்லை, கணக்கு சுத்தம். ஆனால் சில்வர் பீச்சில் நடந்தது சூரியனா? ‘இங்’ வடிவத்தில் தொடங்கினால் கமாவுக்குப் பின் வருகிற எழுவாய்தான் அந்த வேலையைச் செய்தவர். ‘வாக்கிங் ஆன் சில்வர் பீச், வீ சா த சன் ரைஸ்’ என்றால் சரி. இது நமக்குப் புது விதி இல்லை. ‘நடந்து’, ‘வந்து’ என்று ‘செய்து’ வாய்பாட்டில் வருகிற எச்சத்துக்குப் பொதுவாக வினைமுதல் ஒன்றாக இருக்க வேண்டும் என்று நம் இலக்கணமும் சொல்கிறது. முதலில் பார்த்த ‘மழை பெய்து… வந்தோம்’ மாதிரிச் சில விலக்கு உண்டு. ‘நான் பீச்சில் நடந்து சூரியன் உதித்தது’ என்று யாராவது சொல்வார்களா? ‘நடக்கும்போது சூரியன் உதித்தது’ என்றுதான் வரும். அந்தப் ‘-போது’ வந்தால் ஆங்கிலத்தில் ‘வென்’ அல்லது ‘வைல்’ போட்டு முழுக் கிளாஸாக எழுதிவிடுங்கள்.

‘நோ சூனர்’, ‘ஹார்ட்லி’: எதற்கு ‘தேன்’, எதற்கு ‘வென்’?

‘சூன்’ என்பதன் ஒப்பீட்டு வடிவம் ‘சூனர்’. ‘ஸ்மாலர்’, ‘பிக்கர்’ வந்தால் பின்னால் ‘தேன்’ வருகிற மாதிரி ‘சூனர்’ வந்தாலும் ‘தேன்’. ‘ஹார்ட்லி’ ஒப்பீடு இல்லை, அதனால் ‘வென்’. இரண்டுமே வாக்கியத்தின் தலையில் உட்கார்ந்தால் வரிசை கேள்வி மாதிரி புரளும்: ‘நோ சூனர் டிட் த ரெயின் ஸ்டாப் தேன் த போட்ஸ் லெஃப்ட்.’ ‘டிட்’ வந்தபின் ‘ஸ்டாப்ட்’ என்று எழுதாதீர்கள், இறந்தகாலம் ‘டிட்’டிலேயே செலவாகிவிட்டது.

‘ஹௌ பியூட்டிஃபுல் ஈஸ் த பீச்!’

வியப்பு வாக்கியத்தில் புரட்டல் வேண்டாம். ‘ஹௌ பியூட்டிஃபுல் த பீச் ஈஸ்!’ அவ்வளவுதான். இந்த இடத்தில் பலருக்கு வேறு ஒரு குழப்பமும் உண்டு: வாக்கிய வகை கேட்டால் ‘இன்டராகேட்டிவ்’ என்பதா, ‘காம்ப்ளெக்ஸ்’ என்பதா? முதல் பெயர், வாக்கியம் என்ன வேலை செய்கிறது என்பதற்கு. மற்றது, அதை எப்படிக் கட்டியிருக்கிறது என்பதற்கு. ஒரே வாக்கியம் இரண்டாகவும் இருக்கலாம். கேள்வியில் எது வேண்டும் என்று மட்டும் பாருங்கள்.

பயிற்சியில் பத்துக்குப் பத்து, கட்டுரையில் பழைய குருடி

இதற்குக் காரணம் அடைப்புக்குறி. பயிற்சிப் புத்தகத்தில் எந்த இணைப்பைப் போட வேண்டும் என்று வாக்கியத்தின் கடைசியிலேயே கொடுத்துவிடுகிறார்கள். நீங்கள் செய்வது தையல் மட்டும், துணி தேர்ந்தெடுப்பது அவர்கள். கட்டுரையில் இரண்டும் உங்கள் வேலை.

நான் தருகிற பயிற்சி இதுதான். நோட்டில் இடது பக்கம் தமிழ் வால்களை எழுதுங்கள்: -ஆல், -ஆலும், -ஆவிட்டால், -அதால், -போது, -உடனே, -வரை, -என்று. ஒரு நாளைக்கு ஒரு வால். அன்றைக்குக் காதில் விழுகிறவற்றில் அந்த வால் உள்ள ஐந்து வாக்கியங்களை அப்படியே எழுதுங்கள், கொச்சையாகவே இருக்கட்டும். பஸ்ஸில் கண்டக்டர் சொன்னது, மீன் மார்க்கெட்டில் பேரம் பேசியது, அம்மா திட்டியது, எதுவானாலும் சரி. கடலூரிலிருந்து பாண்டி போய்ச் சேருவதற்குள் ஐந்து என்ன, பதினைந்து கிடைக்கும். ‘சில்லறை இருந்தா குடு, இல்லாட்டி இறங்கு’ என்ற ஒரே வரியில் ஒரு ‘இஃப்’பும் ஒரு ‘ஆர்’ரும் இருக்கிறது. ராத்திரி வலது பக்கம் ஆங்கிலத்தில் எழுதி, முற்றுகளுக்கு அடிக்கோடு, இணைப்புகளுக்கு வட்டம் போடுங்கள். கோடுகளை விட வட்டம் ஒன்று குறைவாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தூங்கப் போகலாம்.

சிங்காரத்தோப்புப் பையன் இப்போதும் வருகிறான். அவனுடைய வால் நோட்டு என் மேஜையில்தான் இருக்கிறது. ‘-ஆவிட்டால்’ பக்கத்தில் பதினெட்டு வாக்கியம், டீசல், வலை, ஐஸ், அப்பாவின் கோபம், எல்லாம் உண்டு. பதினெட்டும் சரி. ஆனால் ஒன்றில்கூட ‘அன்லெஸ்’ இல்லை, எல்லாமே ‘இஃப்… நாட்’. ஏண்டா என்று கேட்டேன்.

“அது வயித்துல என்ன வச்சிருக்குன்னு ஒவ்வொரு தடவையும் யோசிக்கணும் மிஸ். இது வெளியிலயே தெரியுது.”